பொலிஸ் வாசலில் ஓர் உபயம்

நான் எழுதுகிற ஆளில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டால், கேள்வி இருந்தாலும் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன் பேனை எடுத்து உங்கள் நேரத்தைப் பிடித்துக்கொள்வதைப் பொறுத்தருள வேண்டும். வேறு யாராவது எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நடந்ததை முழுதாக அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர் எழுதினால் தன்னைப் பற்றி அளவுக்கு மீறி நல்லதாக எழுதிவிடுவார்.

அந்த மற்றவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தும் அவருக்கு நான் தம்பி. உறவு ஒன்றுமில்லை. நாங்கள் குடிவந்த இந்த வெள்ளைக்கார நாட்டில், கிளென் ஈடன் என்ற ஊரில், எங்கள் வீடுகளுக்கு நடுவே இரண்டு தெருக்கள். நான் பக்கத்து ஊரான ஹென்டர்சனில் ஹோட்டல் விரிப்புகள் துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். காலையில் எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால்தான் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு நீளமான மர இருக்கை இருக்கிறது. பெஞ்சு என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அது வாங்கு. நான் போகும்போது அண்ணை ஏற்கெனவே அதில் இருப்பார், மண்ணிறக் கம்பளிச் சட்டையும் கைத்தடியுமாக. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் "குட் மோர்னிங்" சொல்வார். திரும்பச் சொல்லாதவர்களுக்கு இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

அவருடைய வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஏற்றம். ஏற்றத்தின் பாதியில் அந்த வாங்கு. அவருடைய முழங்கால் ஒரே மூச்சில் ஏறாது. வாங்கில் அரை மணி இருந்தால் மிச்சம் ஏறும். போன குளிர்காலத்தில் ஒரு தடவை விழுந்தபோது மகன் சொல்லிவிட்டான், இனிமேல் தனியாக நடக்க வேண்டாம், சனிக்கிழமைகளில் தான் காரில் கூட்டிக்கொண்டு போவதாக. அண்ணை வாதாடி வென்றதே அந்த வாங்கைச் சொல்லித்தான். "நடுவிலை இருக்க இடமிருக்கு, நான் இருந்து இருந்து போவன்." வாங்கு இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குள்தான். பேரப்பிள்ளைகள் கேட்டதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மீதி நாள் முழுதும் தொலைக்காட்சியோடுதான்.

இப்படி இருக்கையில், பொலிஸ் நிலையத்து முகப்பில் ஒரு பெரிய பலகை வந்தது. அரசாங்கம் கடன் பத்திரங்கள் விற்றுத் திரட்டிய பணத்தில் இந்தப் பழைய கட்டடம் புதுப்பிக்கப்படும் என்று எழுதி, புதுக் கட்டடத்தின் படமும் கீறியிருந்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். நான் பார்த்து, நல்லதுதான் என்று நினைத்தேன். அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இஞ்சை வாரும். இந்தப் படத்திலை வாங்கு எங்கை?"

"காணேல்லை அண்ணை."

"மரம் கீறியிருக்கு. சைக்கிள் கீறியிருக்கு. நாயோடை ஒரு பொம்பிளையும் கீறியிருக்கு. நான் இருக்கிற இடத்திலை என்ன இருக்கு?"

"புல்லு."

"புல்லிலை நான் இருக்கேலுமோ? இருந்தா எழும்பேலுமோ?"

அன்று அவர் யாருக்கும் குட் மோர்னிங் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஆள் மாறியிருந்தார். முகத்தில் ஒரு முதலாளிக் களை. "தம்பி, அரசாங்கம் உந்தக் கட்டடத்துக்கு ஆரிட்டைக் கடன் பட்டது தெரியுமோ?"

"தெரியேல்லை."

"என்னட்டை."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"பகிடி இல்லைக் காணும். என்ரை ஓய்வுச் சேமிப்பு முழுக்க அரசாங்கக் கடன் பத்திரத்திலைதான் போட்டுக் கிடக்கு. வயது போன ஆக்களுக்கு உதுதான் பயமில்லாததெண்டு மகன்தான் போட்டவன். ராத்திரி அவனைக் கேட்டு வடிவா விளங்கிக்கொண்டன். அப்ப இந்தக் கட்டடத்துக்குக் காசு குடுத்தது ஆர்?"

"நீங்களும் குடுத்திருக்கிறியள்."

"நானும் இல்லை. நான்."

அன்றிலிருந்து அவர் பொலிஸ் நிலையத்தை ஒரு வீட்டுக்காரர் வாடகை வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் புல் முளைத்திருப்பதாகக் குறைப்பட்டார். வேலை முடிந்து போன ஒரு பொலிஸ்காரியிடம், லைட்டை அணைத்தீர்களா என்று கேட்டார்.

உபயம் என்ற யோசனை அவருக்கு வந்தது அந்த வாரத்தில்தான்.

"எங்கடை கோயில் மடப்பள்ளியிலை ஒரு கிரைண்டர் நிக்குது, கண்டிருக்கிறீரோ?"

"ஓம், பழுதாப் போனது."

"எத்தினை வருசமாப் பழுது?"

"நான் வந்த நாள் துவக்கம்."

"பிறகேன் இன்னும் எறியேல்லை?"

"அதிலை உபயகாரற்றை பேர் இருக்கு அண்ணை. எறிஞ்சா அவர் கோவிப்பார்."

"அதுதான்!" கைத்தடியால் நிலத்தில் ஒரு தட்டு. "பேர் போட்ட சாமானிலை ஒருத்தரும் கை வைக்க மாட்டினம். இந்த வாங்கும் என்ரை காசிலைதான் நிக்கப்போகுது. ஒரு தகட்டிலை என்ரை பேரைப் பொறிச்சுப் பூட்டிவிட்டா, எந்தக் கொம்பன் கழட்டுவான்?"

எனக்கு அது முழுச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் அதில் எங்கே பிழை என்று கேட்டால், கோயில் கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஹென்டர்சன் கடைத்தொகுதிக்குள் சாவி வெட்டி, சப்பாத்துக்கு அடி போட்டு, தகட்டில் பெயரும் பொறித்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கடை உண்டு. வேலை முடிந்து அங்கே போனேன். கடைக்காரர் வெள்ளைக்காரர், என் வயது இருக்கும். நான் துண்டை நீட்டினேன். அதில் அண்ணையின் முழுப் பெயர், அதன் கீழே அவர் பிறந்த ஊர், பிறகு கிளென் ஈடன், கடைசியில் 'அன்புடன்' என்று ஆங்கிலத்தில். உபயம் என்பதற்கு ஆங்கிலச் சொல் எங்கள் இருவருக்கும் அகப்படவில்லை. அன்புடன் என்றால் போதும் என்று அண்ணை முடிவு செய்திருந்தார்.

"எங்கே பூட்டப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற வாங்கில். என் நண்பர்."

அவர் கையில் இருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார். "அவருக்கு அந்த இடம் பிடிக்குமா?"

"மிகவும். தினமும் அங்கேதான்."

"வயதானவரோ?"

"ஓம். முழங்காலில் பெரிய நோவு."

"இனி அவருக்கு நோவில்லை," என்றார் அவர் மெதுவாக.

அண்ணைக்கு டொக்டர் மருந்து மாற்றிக் கொடுத்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் தகட்டின் மூலையில் ஒரு சின்னப் பூவும் சும்மா பொறித்துத் தந்தார். பணத்திலும் பாதிதான் வாங்கினார். கை குலுக்கியபோது என் கையை உடனே விடவில்லை.

அண்ணையிடம் சொன்னேன். "பாத்தீரோ," என்றார். "இந்த நாட்டிலை உபயகாரனுக்கு இருக்கிற மரியாதையை."

தகட்டைப் பூட்டப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பொலிஸ் நிலையத்து வாசலில் திருப்புளியோடு குனிந்து நிற்பது என்னைப் போன்ற ஆளுக்குச் சின்ன விசயமில்லை. அண்ணை தெருவின் மறுபக்கம், டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடை வாசலில் காவலுக்கு நின்றார். பொலிஸ் வந்தால் இருமுவதாக ஏற்பாடு.

முதல் ஆணி ஏறிவிட்டது. இரண்டாவதைத் திருப்பும்போது என் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். மலை போல ஒரு இளம் பொலிஸ்காரர். தென்கடல் தீவுக்காரப் பையன், கையில் கோப்பிக் கோப்பை. அவர் குனிந்து தகட்டை வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அடுத்து, கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, நான் இரண்டாவது ஆணியைச் சரியாக முறுக்கும்வரை தகடு சரியாமல் விரலால் பிடித்துக்கொண்டார். என் தோளில் ஒரு முறை கை வைத்தார். உள்ளே போய்விட்டார். கதவு சாத்திய பிறகு தெருவின் மறுபக்கத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"இப்ப ஏன் அண்ணை இருமுறியள்?"

"பொலிஸ் வந்தது, நீர் காணேல்லையோ?"

"அவர் வந்து, தகடு பிடிச்சுத் தந்திட்டுப் போட்டார்."

"அப்ப இருமினா என்னைத் திரும்பிப் பாத்திருப்பான் காணும்!"

அன்று அந்தக் குளிர்காற்றில் நின்றதில் அண்ணைக்கு உண்மையிலேயே இருமல் பிடித்துவிட்டது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மகன் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. வாங்கு வெறுமையாக இருந்தது.

புதன்கிழமை நான் பஸ்ஸுக்குப் போனபோது வாங்கில் ஒரு பூங்கொத்து. யாரோ மறந்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு இருந்தேன். வியாழக்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை ஒரு மெழுகுதிரியும் கண்ணாடிக் குவளையில் தோட்டத்துப் பூக்களும் வைக்கப்பட்டிருந்தன. எனக்கு இருக்க இடமில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

டெய்ரிக் கடைக்காரர் தெருவைக் கடந்து ஓடி வந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், திருச்சிப் பக்கம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, பெரியவர் இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரே!"

"எங்கை போனவர்?"

"அதான் பெஞ்சுல பேர் போட்டிருக்கே அண்ணே. ஞாயித்துக்கிழமை கூட என் கடை வாசல்ல நின்னு இருமிக்கிட்டு இருந்தாரு. அப்பவே நினைச்சேன், இருமல் சரியில்லையேன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் கடற்கரைகளில், பூங்காக்களில், எத்தனையோ வாங்குகளில் பெயர்த்தகடுகளைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தாராள மனசுக்காரர்கள், ஆளாளுக்கு ஒரு வாங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்களே என்று வியந்திருக்கிறேன். அத்தனை பேரும் செத்தவர்கள். உயிரோடு இருக்கிறவன் பெயரை இங்கே யாரும் வாங்கில் எழுதுவதில்லை.

உடனே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் கடைக்காரர் நிறுத்தவில்லை.

"அந்த பில்டிங் வேலைக்குப் பொறுப்பா ஒரு அம்மா வருவாங்களே, நேத்து வந்து பூவெல்லாம் பாத்துட்டுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. இந்தப் பெஞ்சை இனி எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க அண்ணே. போற போக்குல பெரியவர் பெஞ்சைக் காப்பாத்திட்டாரு பாருங்க!"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது.

பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "உயிரோடை இருக்கிற மனுசனைச் சாக்காட்டிப்போட்டு வந்து தேத்தண்ணி கேக்கிறியள். போய் அவரிட்டைச் சொல்லுங்கோ!"

போனேன். அண்ணை போர்வைக்குள் இருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். கோபிப்பார் என்று பார்த்தால், தலையை மட்டும் தூக்கிக் கேட்டார்:

"எத்தினை பூங்கொத்து?"

"ஒரு எட்டு, பத்து இருக்கும்."

"எல்லாம் கடையிலை வாங்கினதோ?"

"ஒண்டு தோட்டத்துப் பூ. காலமை நாயோடை உங்களைத் தாண்டி நடக்கிற வெள்ளைக்காரி வைச்சவவாம்."

"அவ நல்லவ." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு நாளும் திருப்பிக் குட் மோர்னிங் சொன்னதில்லை. எனக்குப் பூ வைச்சிருக்கிறா." என் பக்கம் திரும்பினார். "உது தெரிஞ்சிருந்தா நான் முந்தியே ஒருக்காச் செத்துப் பாத்திருப்பன்."

"அண்ணை, நான் நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிவிடுறன்."

"விசரே உமக்கு?" என்று எழுந்து உட்கார்ந்தார். "வாற வியாழன் ஊர் மண்டபத்திலை கட்டட வேலையைப் பற்றிக் கூட்டம். புதுப் படம் காட்டப்போகினம். அதிலை வாங்கு ஏறுமட்டும் நான் செத்தவன்தான். நீர் வாயைத் திறக்கக் கூடாது. உமக்கு அது பெரிய கரைச்சலில்லைத்தானே."

அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு நாளில் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் செத்தவர் தெருவில் நடக்க முடியாதே. யன்னல் சேலையை ஒரு விரல் அகலம் விலக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குப் பயந்தாரோ அதேபோல வீட்டுக்குள் கிடந்தார். எனக்கு வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுப்பார். "இண்டைக்கு ஆர் வந்தது? மெழுகுதிரி எரியுதோ? கோயில் ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ? பாத்துக்கொள்ளும், நான் எழும்பி வந்து அவையைக் கேக்கிறன்."

வியாழக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் தூண் மறைவு பார்த்து இருந்தேன். கட்டட வேலைக்குப் பொறுப்பான பெண் புதுப் படத்தைச் சுவரில் காட்டினாள். கண்ணாடி முகப்பு, சாய்தளம், மரம், நாயோடு பெண். புல் இருந்த இடத்தில் வாங்கு! பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'நினைவு வாங்கு' என்று எழுதியிருந்தது. எனக்கு மூச்சு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

"இன்று இங்கே அவருடைய நெருங்கிய நண்பர் இருக்கிறார்," என்றாள் அவள். அந்த மலை போன்ற பொலிஸ்காரர் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். "அவர் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்."

மண்டபம் முழுதும் திரும்பியது. என் வாழ்க்கையில் நான் பொதுவில் பேசியதில்லை. என் கல்யாணத்திலேயே பேசியதில்லை. எழும்பினேன். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"அவர் நல்ல மனிதர்," என்றேன். "எல்லோருக்கும் குட் மோர்னிங் சொல்கிறார். நிறையப் பேசுகிறார். சில நேரம் மிக அதிகம். நான் பேசாதவன், அதனால் எனக்குப் பரவாயில்லை. காலையில் அவர் அந்த வாங்கில் இருந்தால், எனக்கு வேலைக்குப் போக மனம் வருகிறது." இந்த இடத்தில் கையால் கண்ணைத் துடைத்தேன். அது நடிப்பில்லை. நாயோடு நடக்கிற பெண் கைக்குட்டையை எடுத்தாள். இறந்தவரைப் போய்விட்டார் என்று சொல்லக்கூட இவருக்கு மனம் வரவில்லையே என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அந்த இரக்கத்தில் எனக்குத் துணிவு வந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. "எண்பது வயதுக்கு மேல்," என்றேன், "அந்த வயதிலும் ஏற்றத்தில் நடக்கிறார்..."

"எழுபத்தாறு!"

குரல் பின்னாலிருந்து வந்தது. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒருவர், கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கழுத்துத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் பிஸ்கட்டோடு நின்றார். மகன் வேலை முடிந்து வருமுன் வீட்டிலிருந்து நழுவி, ஏற்றத்தைப் பாதி பாதியாக ஏறி வந்திருக்கிறார், தன் அஞ்சலியைக் கேட்க.

"எண்பதாம் எண்பது!" என்றார் என்னைப் பார்த்துத் தமிழில். "ஆர் காணும் உமக்குச் சொன்னது?"

டெய்ரிக் கடைக்காரரின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. "ஐயோ முருகா, பெரியவரு!"

அண்ணை தொப்பியைக் கழற்றினார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: தான் சாகவில்லை, காய்ச்சல் மட்டும்தான், தன்னுடைய சேமிப்பு அரசாங்கக் கடன் பத்திரத்தில் இருக்கிறது, அந்தப் பணத்தில் கட்டடம் புதுப்பிக்கிறார்கள், தங்கள் வழக்கத்தில் பணம் கொடுத்தவன் பெயர் எழுதுவது உண்டு, தனக்குக் கட்டடம் வேண்டாம், முழங்காலுக்கு அந்த ஒரு வாங்கு போதும்.

பொலிஸ்காரர் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார். "உங்களுக்காக நான் தொப்பி கழற்றினேன், சேர்," என்றார்.

"கண்டனான். தெருவுக்கு அந்தப் பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார் அண்ணை தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "நன்றி. இனிப் போட்டுக்கொள்ளலாம்."

முதலில் சிரித்தது நாயோடு நடக்கிற பெண். அழுத கண்ணோடு சிரித்தாள். பிறகு எல்லோரும். பொறுப்பான பெண் மட்டும் சிரிக்கவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு மேசையில் விரித்திருந்த வரைபடத்துக்குப் போனாள். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. அவள் குனிந்து ஒரு கோடு இழுத்தாள். வாங்கின் மேல் இல்லை. பக்கத்தில் இருந்த 'நினைவு' என்ற சொல்லின் மேல்.

"இந்தப் படத்தை ஒரு தடவை மாற்றவே எத்தனை பேரிடம் கெஞ்சினேன் தெரியுமா?" என்றாள். "இனி யார் செத்தாலும் பிழைத்தாலும் நான் மாற்ற மாட்டேன். வாங்கு இருக்கட்டும்."

தகட்டை என்ன செய்வது என்று பொலிஸ்காரர் கேட்டார். அதுவும் இருக்கட்டும், எப்படியும் ஒரு நாள் தேவைப்படும்தானே என்று அண்ணை சொன்னார். அவசரமில்லை என்றும் சொன்னார்.

வெளியே வரும்போது என் பக்கம் சாய்ந்தார். "நல்லாத்தான் கதைச்சனீர். ஆனா 'மிக அதிகம்' எண்டது தேவையில்லாதது."

மறுநாள் காலையில் மழை தூறியது. அண்ணை வாங்கின் ஒரு பக்கத்துப் பூக்களை ஒதுக்கி வைத்துவிட்டு இருந்தார். நான் மற்றப் பக்கத்தில் இருந்தேன். பஸ் கொஞ்சம் பிந்தி வந்தது. ஏறி வேலைக்குப் போனேன்.